மண் சூடாகும் முன் எதை விதைக்கலாம்? புல்தரையில் முதல் காய்கறித் தோட்டம், வசந்தத் தொடக்கத் திட்டம்

#1 புதுப்பாத்தி

வணக்கம். இடம் 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம். இப்போது முழுக்கப் புல்தரை. வடக்குப் பக்கம் ஆளுயரச் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறந்தவெளி. காலை 10 முதல் மாலை 5 வரை நேர் வெயில். கடைசி உறைபனிக்கு இன்னும் 7 வாரம் இருக்கிறது.

திட்டம் இது: வரும் வாரம் புல்லை எடுத்துவிட்டு இயந்திரம் வைத்து 30 செ.மீ. ஆழம் கிளறுவது, தொழுஉரம் கலப்பது, மறுநாளே பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, கேரட், பீட்ரூட், பீன்ஸ், வெண்டை எல்லாவற்றையும் நேரடியாக விதைப்பது. தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரிக்கு வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் நாற்று. இதில் எது சரி, எது தப்பு? வரிசையும் நாளும் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 மண்வாசம்

இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் முன் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்க. பனி இளகிய மண்ணில் மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். மேல்மண்ணை நம்பி இறங்கினால் அந்த வருஷமே கெட்டுப்போகும்.

15 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் நன்றாக இறுக்கிப் பிடிங்க. கையைத் திறங்க. நீர் கசிந்தாலோ, விரல் பதிந்த இடம் ஈரத்தில் மினுங்கினாலோ அன்றைக்கு வேலை இல்லை. உருண்டையாக நின்றால் கட்டைவிரலால் லேசாகக் குத்துங்க. பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. குத்திய இடத்தில் குழி மட்டும் விழுந்து உருண்டை அப்படியே நின்றால் இன்னும் ஈரம். மூணு நாள் கழித்துத் திரும்பப் பாருங்க. மணல் மண் மழைக்குப் பின் ஓரிரு நாளில் பதத்துக்கு வரும். களிமண்ணுக்கு இரண்டு வாரம்கூட ஆகும்.

ஈரக் களிமண்ணைக் கிளறினால் காற்றும் நீரும் போகிற துளைகள் நசுங்கி அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் செங்கல் மாதிரிக் கட்டிகள். அடித்து உடைத்தாலும் தூளாகுமே தவிர மண்ணாகாது. இயந்திரக் கத்தி ஒரே ஆழத்தில் தேய்த்துத் தேய்த்து அடியில் ஒரு கடினத் தளத்தையும் உண்டாக்கும். வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பும். மழைநீர் அதன்மேல் தேங்கும்.

உங்க இடத்துக்குக் கிளறலே வேண்டாம் என்பேன். புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, அதன்மேல் பழுப்பு அட்டைப்பெட்டிகளை விரித்துப் போடுங்க. நாடா, கம்பி, பளபளப்பான அச்சு உள்ள பகுதி எல்லாவற்றையும் முதலில் உரித்துவிடணும். ஒரு அட்டைமேல் அடுத்தது 15 செ.மீ. ஏறி உட்காரணும். இதில்தான் பலரும் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். இடைவெளி விட்ட ஒவ்வொரு கோட்டிலும் புல் வரிசைகட்டி எழும். அட்டை தொட்டால் கிழிகிற அளவுக்கு நனைத்து, மேலே 10 செ.மீ. மட்கிய கம்போஸ்ட். அவ்வளவுதான். அடியில் வெளிச்சமில்லாமல் புல் அழுகும், மண்புழு மேலே வரும்.

அமைப்பு: சுவரை ஒட்டிய பாத்திக்கு ஒரு பக்கமிருந்துதான் கை எட்டும், அதனால் அகலம் 70 செ.மீ. போதும். பிறகு 50 செ.மீ. நடைபாதை. அடுத்த பாத்தி 120 செ.மீ., இருபக்கமும் கை எட்டும். மீதி 60 செ.மீ. ஓரப் பாதை. பாத்திக்குள் காலே வைக்கக் கூடாது, ஒருநாளும். கம்போஸ்ட் கணக்கு: இரண்டு பாத்தியும் சேர்ந்து 7.6 சதுர மீட்டர், 10 செ.மீ. உயரத்துக்கு 760 லிட்டர். 50 லிட்டர் மூட்டை என்றால் 15 அல்லது 16.

#3 விதைப்பெட்டி

மண்வாசம் அண்ணா சொன்னது ஈரத்துக்கு. இன்னொரு பாதி சூடு. நாள்காட்டியைப் பார்த்து விதைக்காதீங்க, மண் வெப்பமானியைப் பார்த்து விதையுங்க. நீட்டமான குச்சி வெப்பமானி எதுவானாலும் சரி: 5 செ.மீ. ஆழத்தில் குத்தி, காலை 8 மணிவாக்கில், மூணு நாலு நாள் தொடர்ந்து பாருங்க. மதியம் பார்த்தால் மேல்மண் ஏமாற்றும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கேரட் விதை 5 டிகிரியில் முளைக்க ஏறக்குறைய 50 நாள் எடுக்கும். 10 டிகிரியில் சுமார் 17 நாள். 15 டிகிரியில் 10 நாள். பட்டாணி 5 டிகிரியில் 36 நாள், 10 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள். 5 டிகிரியில் அவசரப்பட்டு விதைத்ததும், மூன்று வாரம் பொறுத்து 10 டிகிரியில் விதைத்ததும் கிட்டத்தட்ட ஒரே நாளில் தலைகாட்டும். முன்னதில் பாதி விதை அதற்குள் அழுகியிருக்கும் அல்லது எலி தின்றிருக்கும்.

உங்க பட்டியலை இப்படிப் பிரிக்கலாம்.

மண் 5 முதல் 7 டிகிரி: ஸ்பினாச், லெட்டூஸ், பட்டாணி. லேசான உறைபனியைத் தாங்கும்.
8 முதல் 10: முள்ளங்கி, பீட்ரூட், கேரட், உருளைக்கிழங்கு, வெங்காய நாற்று.
16க்கு மேல்: பீன்ஸ், வெள்ளரி.
18 முதல் 20க்கு மேல்: வெண்டை, பாகல், புடலை, கொடிப்பசலை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஸ்பினாச்சையும் கொடிப்பசலையையும் இரண்டுமே பசலை என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பினாச் குளிரில் வளரும், நாள் நீண்டு வெயில் ஏறினால் பூத்தண்டு விட்டுவிடும். கொடிப்பசலை நேரெதிர், குளிரில் கறுத்துச் செத்துப்போகும். விதைப்பையில் உள்ள தாவரவியல் பெயரைப் பாருங்க: ஸ்பினேசியா என்றால் இப்போது, பசெல்லா என்றால் வெயில் வந்தபிறகு.

பீன்ஸையும் வெண்டையையும் இப்போதே விதைத்தால் குளிர்ந்த நீரை உறிஞ்சி உள்ளேயே அழுகும். அவை இரண்டையும் 7 வாரத்துக்கு மறந்துவிடுங்க.

#4 புதுப்பாத்தி

நன்றி அண்ணா, நன்றி விதைப்பெட்டி. இயந்திரத்தை விட்டுவிடுகிறேன். இரண்டு சந்தேகம். அட்டைமேல் 10 செ.மீ. கம்போஸ்ட் மட்டும் இருந்தால் கேரட் வேர் எங்கே போகும்? ஜன்னலோர நாற்றுக்குத் தனி விளக்கு அவசியமா?

#5 வேர்க்காய்

முதல் சந்தேகம் நியாயமானது. இந்த ஓர் இடத்தில் மண்வாசத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. அட்டை முறை தக்காளி, பூசணி, கோஸ், கீரைக்கு அருமை. கேரட்டுக்கு முதல் வருஷம் சரிப்படாது. வேர் அட்டையில் முட்டும், அல்லது அதற்குக் கீழே இறுகிய புல்வேர் முடிச்சில் முட்டும். இரண்டாகப் பிளந்தோ குட்டையாகவோ வரும். அத்தோடு, பழைய புல்தரையில் கம்பிப்புழு இருக்கும். செம்மஞ்சள் நிறம், விறைப்பான உடம்பு, 2 செ.மீ. நீளம். புல்வேர் செத்ததும் அது கேரட்டையும் உருளைக்கிழங்கையும்தான் தேடிவரும்.

கேரட் வேண்டுமென்றால் பெரிய பாத்தியின் ஒரு முனையில் 1 மீட்டர் நீளத்துக்கு மட்டும் அட்டை போடாதீங்க. அங்கே புல்லை வேரோடு சீவி எடுத்து, மண் பதம் வந்ததும் தோட்ட முள்கரண்டியால் 25 செ.மீ. ஆழத்துக்கு இளக்குங்க. மண்ணைப் புரட்ட வேண்டாம், குத்தி அசைத்தால் போதும். கல்லையெல்லாம் பொறுக்கிவிடுங்க. தொழுஉரம் போடாதீங்க, மட்காத உரம் பட்ட கேரட் கவட்டை விடும். பிறகு இரண்டு வாரம் சும்மா விடுங்க. களை முளைக்கும். ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் கொத்தியால் சுரண்டி அதைக் கொன்றுவிட்டு அப்புறம் விதையுங்க. ஆழமாகச் சுரண்டினால் அடியில் தூங்குகிற களைவிதை மேலே வந்து அந்த வேலை முழுக்க வீண்.

விதைப்பு: 1 செ.மீ. ஆழக் கோடு, கோட்டுக்குக் கோடு 20 செ.மீ. விதை போடும் முன்பே கோட்டுக்குள் நீர் ஊற்றுங்க. விதையை 1 செ.மீ.க்கு ஒன்றாகத் தூவி, மண்ணால் மூடாமல் சலித்த கம்போஸ்ட் அல்லது வெர்மிகுலைட்டால் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) மூடுங்க. கேரட் முளைக்கு மண்மேல் ஓடாக இறுகிப் படியும் அடுக்கை உடைக்கிற வலு கிடையாது. அது முளைக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அது முளைத்திருக்கும், அந்த ஓட்டுக்கு அடியில். ஈரச் சாக்கு ஒன்றை மேலே விரித்து, 7ஆம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்க. முதல் பச்சை நூல் தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடணும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்கில் பின்னிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். நாலு விரல் உயரத்தில் நெருக்கமான செடிகளைக் களைந்து, செடிக்குச் செடி 5 செ.மீ. விடுங்க. மாலையில், நீர் விட்டபின் களையுங்க. நசுங்கிய இலை வாசனைக்குக் கேரட் ஈ வரும்.

#6 மண்வாசம்

கேரட் விஷயத்தில் வேர்க்காய் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். கம்பிப்புழுவை நான் விட்டுவிட்டேன். உருளைக்கிழங்கையும் முதல் வருஷம் தொட்டியில் வையுங்க.

#7 நாற்றங்கால்

இரண்டாவது சந்தேகம் என் பங்கு. விளக்கு அவசியம். தெற்கு ஜன்னலாக இருந்தாலும் வசந்தத் தொடக்க வெளிச்சம் போதாது. நாற்று நூலாக நீண்டு கண்ணாடிப் பக்கம் சாயும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் போதும். நாற்றின் தலைக்கு மேல் 15 செ.மீ. உயரம், தினம் 14 முதல் 16 மணி நேரம், நேரம்காட்டி வைத்து. இரவு முழுக்க எரிய விடாதீங்க.

விதைப்பு நாள், கடைசி உறைபனியிலிருந்து பின்னோக்கி: மிளகாய், கத்தரி 8 முதல் 10 வாரம். தக்காளி 6 முதல் 8. கோஸ், காலிஃபிளவர் 4 முதல் 6. வெள்ளரி, பூசணி 3 மட்டும். உங்களுக்கு 7 வாரம்தான் என்றால் மிளகாயும் கத்தரியும் இன்றைக்கே. தக்காளி இந்த வாரத்துக்குள். வெள்ளரிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அது வேர் அசைந்தால் முரண்டுபிடிக்கும், தனித்தனிக் காகிதக் குவளையில் போட்டு அப்படியே நடுங்க.

மிளகாய்க்கு அடிச்சூடு, அதாவது தட்டின் கீழிருந்து தரும் வெப்பம், 25 முதல் 29 டிகிரி. இருந்தால் பத்து நாளில் வரும்; 15 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், பலர் அதற்குள் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். முளைத்ததும் அடிச்சூட்டை நிறுத்துங்க. முளைத்த நாற்றுக்குச் சூடு குறைவாகவும் வெளிச்சம் அதிகமாகவும் வேணும், 18 டிகிரி நல்லது.

ஊடகம் (நாற்று வளர்க்கும் கலவை): தோட்ட மண் கூடவே கூடாது. குழித்தட்டில் அது இறுகிவிடும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 3 பங்கு, சலித்த கம்போஸ்ட் 1, பெர்லைட் (லேசான வெள்ளைக் கனிமத் துகள்) 1. கோகோபீட்டை முதலில் நல்ல நீரில் இரண்டு முறை அலசுங்க, உப்பு இருக்கும்.

நாற்றழுகல் வந்தால் மருந்து தேடாதீங்க. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்து நாற்று படுத்துவிடும், படுத்தது எழாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. பழைய தட்டை 1 பங்கு பிளீச், 9 பங்கு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்க. பாதி விதை முளைத்ததும் மூடியை எடுங்க. நீரைத் தட்டின் அடியில் ஊற்றி, 20 நிமிடத்தில் மீதியை வடித்துவிடுங்க. சிறிய விசிறி ஒன்று, இலை லேசாக அசைகிற அளவுக்கு.

இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் உரத்தைக் கொட்டாதீங்க. பெரும்பாலும் குளிர்தான் காரணம். வேர் குளிர்ந்தால் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாது. தட்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்க, ஒரு வாரத்தில் தெளியும்.

#8 பசுந்தாள்

கம்போஸ்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 760 லிட்டர் வெளியிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால், விரிக்கும் முன் சோதியுங்க. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற அமினோபைரலிட், குளோபைரலிட் வகைக் களைக்கொல்லிகள் வைக்கோலிலும் சாணத்திலும் தங்கிவிடும். மட்கிய பிறகும் போகாது. தக்காளி, பீன்ஸ், பட்டாணிக்கு மிகச் சிறிய அளவே போதும், சுருண்டுவிடும்.

சோதனை எளிது. மூன்று தொட்டியில் அந்தக் கம்போஸ்ட்டும் சாதாரணத் தொட்டி ஊடகமும் சமபங்கு. இன்னும் மூன்றில் ஊடகம் மட்டும். ஒவ்வொன்றிலும் மூணு பீன்ஸ் விதை, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில். இரண்டு தொகுதிக்கும் கீழே தனித்தனித் தட்டு. நீர் கலந்துவிடக் கூடாது. மூன்று வாரத்தில் முதல் உண்மை இலைகளை (வித்திலைக்குப் பின் வருபவை) பாருங்க. கம்போஸ்ட் தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணம் மாதிரிக் குவிந்தோ, நுனி முறுக்கிக்கொண்டோ வந்தால் அந்தக் குவியல் காய்கறிக்கு ஆகாது. உங்களுக்கு 7 வாரம் இருக்கிறது, இந்தச் சோதனைக்குத் தாராளமாக நேரம் உண்டு.

மட்காத பச்சைத் தொழுஉரம் என்றால், மண்ணைத் தொட்டு விளையும் காய்க்கு அறுவடைக்கு 120 நாள் முன் போட்டிருக்கணும். வசந்தத்தில் போட்டுவிட்டு ஒன்றரை மாதத்தில் முள்ளங்கி பிடுங்கக் கூடாது. புது மரத்தூளை மண்ணோடு கலப்பதும் வேண்டாம், மட்கும்போது தழைச்சத்தை (நைட்ரஜன்) அது எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். பாதைக்கு மேலாகப் போடுங்க.

#9 புதுப்பாத்தி

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. இப்போது புரிந்த வரிசை: இன்று மிளகாய், கத்தரி விதை, பீன்ஸ் சோதனை. இந்த வாரம் தக்காளி. மூன்று வாரம் கழித்துச் சோதனை தேறினால் அட்டையும் கம்போஸ்ட்டும். மண் 7 டிகிரி வந்ததும் சுவர்ப் பாத்தியில் பட்டாணி, ஸ்பினாச். பெரிய பாத்தியின் முனையில் கேரட். உறைபனி முடிந்த மறுநாள் தக்காளி, மிளகாய் நடவு. விட்டுப்போனது ஏதாவது?

#10 நாற்றங்கால்

கடைசி வரி தப்பு. உறைபனி நாள் என்பது சராசரிக் கணக்கு. அதற்குப் பின்னும் பனி விழும். தக்காளிக்கு இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் இருக்கணும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் 13. சராசரி நாளுக்குப் பின் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். குளிரில் நட்ட மிளகாய் சாகாது, ஆனால் ஒரு மாதம் அப்படியே நின்றுவிடும்.

நடும் முன் நாற்றைப் பழக்கணும். முதல் நாள் நிழலில், காற்றில்லாத மூலையில் 1 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கூட்டுங்க. நாலாம் நாள் காலை வெயில். எட்டாம் நாள் முழுப் பகல். பத்தாம் நாள் இரவும் வெளியே. இலையில் வெள்ளைக் காகிதம் மாதிரித் திட்டு விழுந்தால் வெயிலை அவசரமாகக் காட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இலை திரும்பாது, புது இலை வரும்வரை நிழலுக்குப் பின்வாங்குங்க.

தக்காளி நூலாக நீண்டிருந்தால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, 10 செ.மீ. ஆழத்தில் நீள வாய்க்கால் மாதிரி வெட்டி, தண்டைப் படுக்கவைத்து நுனியை மட்டும் மேலே நிமிர்த்துங்க. புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். நேராக ஆழக்குழி எடுத்தால் வேர் குளிர்ந்த அடிமண்ணில் போய் உட்காரும். தண்டைச் சுற்றி 8 செ.மீ. உயர அட்டைக் குழாய், 3 செ.மீ. மண்ணுக்குள். வெட்டுப்புழு இரவில் தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துவிடும்.

#11 மண்வாசம்

சுவரைப் பற்றி இரண்டு விஷயம். சுவர் பகலில் சூடேறி இரவில் விடும், அந்தப் பாத்தி மற்றதைவிட முன்னதாகவே தயாராகும். ஆனால் அடிவாரத்தில் 30, 40 செ.மீ. அகலத்துக்கு மழை விழாது. மழை பெய்த நாளிலும் விரலை விட்டுப் பார்த்து நீர் விடுங்க. பொதுக் கணக்கு, வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், இரண்டு தவணையாக. இரண்டாவது: அந்த நல்ல இடத்தைப் பட்டாணி முடிந்ததும் காலியாக விடாதீங்க. கொடி காய்ந்ததும் தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, அதே பந்தலில் வெள்ளரியோ பாகலோ ஏற்றுங்க.

#12 விதைப்பெட்டி

பட்டாணியை இரவு ஊறவைத்து, 3 செ.மீ. ஆழம், 5 செ.மீ. இடைவெளி. 12 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் விதை மூச்சுமுட்டிப் பிளந்துவிடும். புது மண் என்பதால் ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா) தூளை ஈர விதையில் புரட்டிப் போடுங்க.

நெய்யாத துணி, சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையில், பாத்தி அளவுக்கு ஒன்று வாங்கிவையுங்க. இரண்டு மூன்று டிகிரி காப்பாற்றும். வானம் தெளிந்து காற்றே இல்லாத மாலைதான் பயப்பட வேண்டிய மாலை. மேகம் மூடிய இரவில் பனி அரிது. வானம் தெளிந்த நாளில் மதியமே மண்ணை நனைத்துவிட்டு, வெயில் இறங்கும் முன் வளைவுக் கம்பிமேல் துணியைப் போர்த்தி, நாலு ஓரத்திலும் கல் வையுங்க. துணி இலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் ஓரத்தைத் தூக்கிவிடுங்க.